திரையில் விழும் குப்பையை ரசிப்பது எப்படி?

பழைய வீட்டுக் கணினியை மோடத்தோடு இணைத்து உட்காருகிறவர் முதலில் பார்ப்பது குப்பையைத்தான். அடைப்புக்குறி, அலைக்குறி, தலைகால் புரியாத எண்கள். பலர் அங்கேயே சலித்து மின்சாரத்தை அணைத்துவிடுகிறார்கள். ரசனை ஆரம்பிக்கிற இடமே அதுதான் என்பது என் கட்சி. அந்தக் குப்பைக்கு இலக்கணம் உண்டு. படிக்கப் பழகினால் எந்த அமைப்பு தப்பு என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒடுகத்தூர் போன்ற ஊரிலிருந்து இதைச் செய்வதில் தனிச் சுவை உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தமிழ்நாட்டில் அதன் வாசல் சென்னையில் இருந்தது. மலையடிவாரத்துக்காரர் அதைத் தட்ட வேண்டுமானால் எஸ்டிடி என்ற வெளியூர் அழைப்புதான். அதனால்தான் அந்தக் காலத்து ஆர்வலர்கள் ராக்கோழிகளாக இருந்தார்கள்: நள்ளிரவை நெருங்கினால் எஸ்டிடி கட்டணம் கால்வாசி.

இன்று செப்புக் கம்பி தேடி அலைய வேண்டாம். இரண்டு பழைய மோடங்களைத் தொலைபேசி வயரால் நேராக இணைத்து, ஒன்றில் 'ஏடி எக்ஸ்3 டி' என்றும் மற்றதில் 'ஏடி ஏ' என்றும் தட்டினால் பெரும்பாலானவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எக்ஸ்3 என்றால் டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று பொருள். நம் ஊர் டயல் டோன் வெளிநாட்டு மோடங்களுக்குப் புரியாமல் போனதால், அந்நாளில் இந்தியாவில் பலரும் மனப்பாடமாக வைத்திருந்த கட்டளை அது. பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால், டோனில் அழைக்கும் 'டிடி'க்குப் பதில் பல்ஸில் அழைக்கும் 'டிபி' தட்ட வேண்டியிருந்தது. மோடம் கடகடவென்று எண் சுழற்றும்.

மோடத்துக்குப் பதில் ஈஎஸ்பி8266 பலகை வைத்து வைஃபை வழியாகவும் போகலாம். சில நூறு ரூபாய்தான். ஆனால் பழைய சீரியல் கம்பியில் ஐந்து முதல் பன்னிரண்டு வோல்ட் வரை, ப்ளஸும் மைனஸுமாக ஏறி இறங்கும். பலகை தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் வோல்ட்டை மாற்றித்தரும் மேக்ஸ்3232 சில்லு இல்லாவிட்டால் பலகை போய்விடும். தவிர, அதில் சத்தம் வராது. எனக்கு அது உப்பில்லாத சமையல்.

சத்தத்தைக் கேட்கும் முறை இது. முதலில் வருகிற நீண்ட ஒற்றைச் சுருதி 2100 ஹெர்ட்ஸ். பேச்சில் எதிரொலி வராமல் இருக்க எக்ஸ்சேஞ்சுகள் வைத்திருக்கும் கருவிகளை ஓரமாக ஒதுங்கச் சொல்கிறது. அடுத்து இரண்டு பக்கமும் நொடிக்கு 300 பிட் வேகத்தில் சுருக்கமாக, எனக்கு இது தெரியும், உனக்கு எது தெரியும் என்று விசாரிக்கின்றன. பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற இரைச்சல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி: வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே கம்பி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்து இரண்டு பேரும் ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

கணினி பக்கம் வருவோம். 1984இல் மத்திய அரசின் 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டம் நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ இதற்கு அருமையான பெட்டி. அதன் சீரியல் துளை ஐந்து முள் கொண்டது. பிளக்கைத் தலைகீழாகவும் செருகலாம், தடுக்காது. ஒன்றுமே வரவில்லையென்றால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். வேகம் வைக்க இரண்டு கட்டளைகள்: வரும் எழுத்துக்கு 'ஸ்டார் எஃப்எக்ஸ் 7', போகும் எழுத்துக்கு 'ஸ்டார் எஃப்எக்ஸ் 8'. ஏன் இரண்டு? பிரிட்டனின் பிரெஸ்டெல் சேவையில் வருவது 1200, போவது 75. படிக்கிற கண் வேகம், தட்டுகிற விரல் மெதுவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கஞ்சத்தனம்தான், ஆனாலும் அழகான கஞ்சத்தனம்.

இனி குப்பைக்கு வருவோம். ஒரு எழுத்துகூடத் தேறவில்லை, வந்த எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றால் வேகம் தப்பு. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கிப் படிக்கட்டாக இறங்கினால், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற குறி வரவில்லை. தட்டும் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தால், இரண்டு பக்கமும் எதிரொலிக்கின்றன. பெரிய எழுத்துகளில் ஏ, பி, டி சரியாக வந்து, சி, இ மட்டும் கெட்டிருந்தால் அது இரட்டைப் பேரிட்டி. ஏழு பிட் எழுத்தோடு எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு பிட்டை அனுப்புகிறவர் சேர்க்கிறார். ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக இருக்க வேண்டும். ஏ-வில் ஒன்றுகள் இரண்டு, சி-யில் மூன்று. ஆகவே சி-க்கு மட்டும் தலையில் இன்னொரு ஒன்று ஏறுகிறது. அதைச் சரிபார்ப்பு பிட் என்று அறியாத உங்கள் டெர்மினல் வேறு எழுத்தாகப் படிக்கிறது.

தமிழனுக்கு இதில் ஒரு கூடுதல் விருந்து. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கி முறையில் ஆங்கிலம் கீழ்ப் பாதி 128 இடங்களிலும் தமிழ் மேல் பாதியிலும் குடியிருந்தன. அதாவது நம் எழுத்துகள் எல்லாமே அந்த எட்டாவது பிட்டை நம்பி வாழ்ந்தவை. வழியில் யாரோ ஒருவர் ஏழு பிட் என்று வைத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஒரு 'பெரியது' குறியாகவும், பெரிய 'ஏ'யாகவும், ஒரு மேற்கோள்குறியாகவும், சின்ன 'இசட்'டாகவும் போய்ச் சேரும். வேண்டுமென்றே செய்து பாருங்கள். மறுமுனையில் மடிக்கணினியில் திஸ்கி எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒரு திஸ்கிக் கோப்பை ஏழு பிட்டில் அனுப்புங்கள். பிறகு இரண்டு பக்கமும் எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட் என்று மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

வேகத்தை 300இலேயே விடுங்கள். நொடிக்கு முப்பது எழுத்து. நாற்பது எழுத்து அகலமும் இருபத்தைந்து வரியும் கொண்ட திரை நிரம்ப அரை நிமிடத்துக்குச் சற்று மேல். வாய்விட்டுப் படிப்பவரை அது தாராளமாக முந்திவிடும், மனதுக்குள் படிப்பவரோடு ஏறக்குறையச் சேர்ந்து நடக்கும். 9600க்குப் போனால் படிக்கலாம், எழுத்து வருவதைப் பார்க்க முடியாது.

முடிக்கும்போது இணைப்பைப் பிடுங்காதீர்கள். ஒரு நொடி எதுவும் தட்டாமல் இருந்து, மூன்று கூட்டல் குறி தட்டி, மறுபடி ஒரு நொடி சும்மா இருங்கள். இரு புறமும் அந்த இடைவெளி இருந்தால்தான் அது தனக்கான கட்டளை என்று மோடம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அதையும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியென்று அனுப்பிவிடும். 'ஓகே' வந்ததும் 'ஏடி எச்'.