திரையும் ஒளியும்

சமய நல்லிணக்க மேடைகளில் வள்ளலாரின் பெயர் எடுக்கப்பட்ட மாத்திரத்திலேயே ஒரு வாசகம் தவறாமல் வந்து விழும்: வடலூரின் சோதியும் நமது நூரும் ஒன்றே என்பது அது. கேட்போர் கைதட்டுவர், பேசியவர் மகிழ்வுடன் அமர்வார். இதற்கு நேர்மாறாக, சோதி என்ற சொல்லைக் கேட்டாலே அது நமக்கு ஆகாதது என்று முகம் சுளிப்போரும் நம்மிடையே உளர். இரு சாராரும் நூல்களைப் புரட்டிப் பார்த்தபின் பேசுகின்றனரா என்பதே நம் ஐயம்.

முதலில் வடலூரைப் பார்ப்போம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், இளமையும் நடுவயதும் சென்னையில் கழிந்தபின், 1858 அளவில் மீண்டும் தென்னார்க்காட்டு மண்ணுக்கே திரும்பினார். தில்லைக் கோயிலில் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. பொன் வில்வ மாலை மட்டும் தொங்கும். சித்தம்பரம், அதாவது அறிவாகிய வெளி, என்று அவ்வூர்ப் பெயருக்கே பொருள் சொல்வர். அடிகள் வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்தார். ஆனால் 1872ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் அங்கே வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில், திரைக்குப் பின் வெளி இல்லை, விளக்கு இருக்கிறது. அதன் முன் கண்ணாடி. கண்ணாடியின் முன் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள். தைப்பூசத்தன்று ஏழும் விலக்கப்படும். சபை என்பது மனிதனின் உள்ளே நிகழ வேண்டியதற்குப் புறத்தே வைத்த அடையாளமே என்பது சன்மார்க்க அன்பர்கள் தரும் விளக்கம்.

இனி நம் பக்கம் வருவோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் 5,027 பாடல்களாக வளர வழிசெய்த அபுல்காசிம் மரைக்காயர் அவ்வூரினர். அக்காப்பியத்தின் தலைமுறைப் படலம் முழுவதும் ஓர் ஒளியின் பயணமே. ஆதம் நபி (அலை) முதலாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து, அண்ணலார் (ஸல்) அவர்களிடம் முழுமை பெறுகிறது அவ்வொளி. முஹம்மதிய்யப் பேரொளி பற்றிய இக்கருத்தில் ஆலிம்களிடையே வேறுபாடு உண்டு. அது தனி வாதம். நாம் இங்கே நோக்குவது காப்பியத்தை மட்டுமே. உமறு பாடும் ஒளி இறைவனால் படைக்கப்பட்டது. வரலாற்றினூடே நடந்து வருவது. பெயரும் ஊரும் உடைய மாந்தரின் நெற்றியில் தங்குவது. வள்ளலார் பாடும் அருட்பெருஞ்ஜோதியோ படைக்கப்பட்டதன்று, அவருக்கு அதுவே கடவுள். படைப்பையும் படைத்தவனையும் ஒன்றே என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குவது உமறுக்கும் நீதியன்று, அடிகளுக்கும் நீதியன்று.

அப்படியானால் ஒப்புமையே இல்லையா? உண்டு. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் ஒளியன்று, திரை.

திருமறையின் அந்நூர் அத்தியாயத்து 35ஆம் வசனம் மாடம், விளக்கு, கண்ணாடி, ஒலிவ எண்ணெய் என்று ஓர் உவமையைத் தருகிறது. அது உவமை என்பதை அவ்வசனமே கூறிவிடுகிறது. இதற்கு விளக்கமாக எழுந்த நூல்களில் தலையாயது, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் மிஷ்காத்துல் அன்வார். மாடத்தைப் புலனறிவாகவும், கண்ணாடியைக் கற்பனையாகவும், விளக்கைப் பகுத்தறிவாகவும் அவர்கள் காண்கின்றனர். கற்பனை பருப்பொருளின் தன்மை உடையது. செப்பனிட்டுத் துலக்கினால், ஒளியை மறைக்காமல் காற்றிலிருந்து காப்பாற்றும் கண்ணாடி ஆகிறது. உணர்வின் படிநிலைகளை இவ்வளவு எளிய வீட்டுப் பொருள்களைக் கொண்டு விளக்கிய பிறிதொரு நூலை நாம் கண்டதில்லை.

அந்நூலின் இறுதிப் பகுதி திரைகளைப் பற்றியது. இறைவனுக்கு ஒளியாலும் இருளாலும் ஆகிய எழுபது திரைகள் உண்டு என்னும் நபிமொழியை எடுத்துக்கொண்டு, மாந்தரை மூவகையாக இமாம் பிரிக்கின்றார்கள்: வெறும் இருளால் மறைக்கப்பட்டோர், இருளும் ஒளியும் கலந்த திரையால் மறைக்கப்பட்டோர், வெறும் ஒளியாலேயே மறைக்கப்பட்டோர். நெருப்பையும் விண்மீனையும் கதிரவனையும் தொழுதோர் இரண்டாம் வகையினர். மூன்றாம் வகைதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இறைவனைப் பற்றித் தாம் அறிந்த தூய கருத்தொன்றே இவர்களுக்குத் திரையாகிவிடுகிறது. அதையும் கடந்தோரே சென்று சேர்ந்தோர். ஒளியைக் கண்டுவிட்டோம் என்று நிறைவுகொள்ளும் நெஞ்சுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஏது?

இதைக் கையில் வைத்துக்கொண்டு அருட்பெருஞ்ஜோதி அகவலுக்குத் திரும்புவோமாக. 1,596 அடிகள் கொண்ட அந்நெடும்பாட்டில் திரைகளை நிறம் நிறமாகக் கூறும் பகுதி ஒன்றுண்டு. அங்கே மறைப்பது யார்? மாயை தானே எழுந்து வந்து மறைப்பதாக அடிகள் பாடவில்லை. கரிய திரை முதல் கலப்புத் திரை வரை ஒவ்வொன்றாலும் மறைப்பது அருட்பெருஞ்ஜோதியே. பின்னர் அத்திரைகளை நீக்கிக் காட்டுவதும் அதுவே. திரையும் அவன் செயலே என்ற இந்த உணர்வில்தான் அகவல் நம் ஞானியரின் பேச்சுக்கு மிக அருகில் வருகிறது. மேடைகளில் இதை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. பொதுச் சொல்லொன்றைக் கண்டவுடன் படிப்பதை நிறுத்திவிட்டால் இத்தகைய இடங்கள் கண்ணில் படுவதெங்ஙனம்?

அருகில் வந்த இருவழிகளும் அவ்விடத்திலேயே பிரிந்தும் விடுகின்றன. கஸ்ஸாலியின் வழி, கண்ட ஒளியையும் கடந்து போகச் சொல்கிறது. அடிகளின் வழியோ அவ்வொளி உடம்பிலேயே இறங்கி, உடம்பையே ஒளியாக்கும் என்கிறது. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டதை அவருடைய அன்பர்கள் அவ்வாறே பொருள் கொள்கின்றனர். மண்ணுக்குள் சென்று மறுமையில் எழுப்பப்படுவோம் என்று நம்பும் நமக்கு இது ஏற்புடையதன்று. ஏற்புடையதன்று என்பதை மரியாதையுடன் சொல்வதற்கு நல்லிணக்கம் தடையாகாது. உண்மையில் அதுவே நல்லிணக்கத்துக்குச் சோதனை.

வட சென்னையில் ஞானப் பாடல்கள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 1838இல் மறைந்தபோது, அதே நகரில் இராமலிங்கருக்கு வயது பதினைந்து. இருவரும் சந்தித்ததாகக் கதை கட்ட வேண்டியதில்லை. ஒரே தமிழில், ஒரே சொற்களஞ்சியத்தில் இருந்து இருவரும் அள்ளினர் என்பதே போதும். சோதி என்ற சொல்லுக்கு அஞ்சுவோர் மஸ்தான் சாகிபையும் அல்லவா இழக்க நேரிடும்!

அருட்பா பற்றிய பிணக்கு 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை இலக்கிய உலகம் அறியும். அது ஓயாமல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதாடியவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். வள்ளலார் மறைந்த அதே 1874இல் பிறந்தவர் அவர். சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தவரும் அவரே. ஒன்றே என்று கூறி ஒன்றைக் கைவிட்டவரல்லர். இரண்டையும் தனித்தனியே, எழுத்தெண்ணிப் படித்தவர். அவருடைய உரையோடு தலைமுறைப் படலத்தையும், அதன்பின் அகவலின் திரைப் பகுதியையும் நம் வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்களாயின், அடுத்த முறை மேடையில் அவ்வாசகம் வந்து விழும்போது கைதட்டுவதற்கு முன் சற்றே தயங்குவார்கள்.