கண்ணாடியில் தெரிந்த எலுமிச்சம்பழம்

எட்டு வருடம் என்னைச் சுமந்தது ஒரு 350 சிசி க்ரூஸர். ஒற்றை சிலிண்டர். அதன் 'டுப் டுப்' இன்றும் எனக்குப் பிடித்த ஓசை. ஆனால் எண்பதைத் தாண்டினால் ஹேண்டில்பார் அதிரும். பின்னால் வரும் லாரி, கண்ணாடியில் கலங்கிய நிறமாகத்தான் தெரியும். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினால் உள்ளங்கை மரத்திருக்கும்.

இப்போது ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. முதல் முறை அதே திண்டிவனம் சாலையில் தொண்ணூறில் போகும்போது கண்ணாடியைப் பார்த்தேன். லாரியின் முகப்பில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் தனித்தனியாகத் தெரிந்தன!

இதன் 648 சிசி இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு, இதில் இரண்டு. கிராங்க் 270 டிகிரி அமைப்பு என்பதால், ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும். மிச்ச அதிர்வை பேலன்ஸர் ஷாஃப்ட் தணிக்கிறது. வெடிப்புகள் சம இடைவெளியில் வராததால், அந்தப் பழைய துடிப்பின் சாயலும் சாகவில்லை.

எடை 241 கிலோ. நிறுத்துமிடத்தில் தள்ளும்போது தோள் அதை உணரும். சீட் உயரம் 740 மி.மீ.தான் என்பதால் இரு பாதமும் தரையில் நன்றாக ஊன்றும்.

வாங்க நினைப்பவர்கள் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு முடிவெடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு உள்ளங்கையைக் கேளுங்கள். அது சரியாகச் சொல்லும்.