பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்: 'விலங்கு' தொடரை முன்வைத்து

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் மோட்டார் காணாமல் போனது. புகார் கொடுக்க அவரோடு பாலாய்க்குப் போனேன். எந்த பாலாய் என்பது இங்கே முக்கியமில்லை. பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒரு சார்ஜன் கூப்பிட்டார். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். அவர் இரண்டு விரலால் கணினியில் தட்டினார். விடிகாலையில் மரம் வெட்டப் போக எழுந்தது, அன்றைக்கு நாய் குரைக்காதது, தெரிந்த பையன் ஒருவன் மேல் அப்பாவுக்கு வந்த சந்தேகம், பாவம் அவனைச் சொல்லவேண்டாம் என்று அவரே என் கையைப் பிடித்து நிறுத்தியது, எல்லாம் முடிந்து ஆறு வரி அச்சாகி வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "நான் சொன்னதெல்லாம் இதுல இருக்காப்பா?" என்று கேட்டார். இருக்கு என்றேன்.

அதற்குப் பிறகு எந்த போலிஸ் தொடரைப் பார்த்தாலும் அந்த ஆறு வரி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

செலண்டாரில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு போலிஸ் தொடர் என்றால் முதலில் 'கெராக் காஸ்'தான். யூசோப் ஹஸ்லாமின் ஸ்கோப் நிறுவனம் தயாரித்து, 1999-ல் ஆர்டிஎம்மில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் ஓடிய தொடர். காவல்துறையின் ஒத்துழைப்போடு எடுத்ததால் சீருடை, கார், பதவிப் பெயர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். விளையாடிவிட்டு வந்து ஆவலாக அதன்முன் உட்காருவோம். ஆனால் நான் பார்த்த வரைக்கும் அதில் யாரும் காத்திருந்ததில்லை. யாரும் இரண்டு விரலால் ரிப்போர்ட் தட்டியதில்லை. கேஸ் வரும், துரத்துவார்கள், குற்றவாளி சிக்குவான், நாமும் தூங்கப் போவோம். வெளித்தோற்றம் முழுக்க நிஜம், உள்ளே நடக்கும் வேலை மட்டும் கற்பனை.

2022-ல் தமிழில் வரிசையாக மூன்று போலிஸ் தொடர்கள் இணையத் திரைக்கு வந்தன. பிப்ரவரியில் 'விலங்கு', ஜூனில் 'சுழல்', டிசம்பரில் 'வதந்தி'. மூன்றையும் பாராட்டியவர்கள் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்: யதார்த்தம். வட்டார வழக்கு, கெட்ட வார்த்தை, புழுதி, வியர்வை. இவையெல்லாம் இருந்தால் யதார்த்தம் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. புழுதியும் வியர்வையும்கூட சீருடை மாதிரிதான். சரியாகத் தைத்துப் போட்டுவிடலாம்.

'சுழல்' மூன்றிலும் அழகானது. சாம்பலூர் என்ற மலையடிவார ஊர், சிமென்ட் ஆலை, தொழிற்சங்கத் தலைவராகப் பார்த்திபன், எட்டுப் பகுதிகளிலும் கூடவே நடந்துவரும் மயானக் கொள்ளைத் திருவிழா. ஆனால் சக்கரையும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் பெரும்பாலும் நம்மை ஒரு சந்தேகத்திலிருந்து அடுத்த சந்தேகத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள். கதை ரெஜினாவின் வீட்டுக்குள் நுழைகிற அளவுக்கு அவருடைய ஸ்டேஷனுக்குள் நுழைவதில்லை. அது தவறு என்று சொல்லமாட்டேன். அது மர்மக் கதை, அதன் வேலை முடிச்சு.

பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய 'விலங்கு' வேறு இடத்தில் தொடங்குகிறது. ஏழே பகுதி. வேம்பூர் காவல் நிலையத்தின் சப் இன்ஸ்பெக்டர் பரிதியாக விமல். வீட்டில் கர்ப்பிணி மனைவி, மேலே அதிகாரிகளின் அழுத்தம், காட்டுக்குள் அடையாளம் தெரியாமல் அழுகிய ஒரு பிணம். ராத்திரி அந்தப் பிணத்துக்குக் காவல் போடவேண்டும். காவல் இருக்கும்போதே பிணத்தின் தலை காணாமல் போகிறது. அந்தக் கட்டத்தில் காவலர்களைப் பிடித்துக்கொள்கிற பயம் கொலைகாரனைப் பற்றியதில்லை, மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றியது. சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது.

நான் தொழிற்சாலையில் வேலை செய்கிற பொறியியலாளன். நைட் ஷிப்டில் மெஷின் நின்றால் முதலில் எழும் கேள்வி ஏன் நின்றது என்பதல்ல, மேனேஜருக்கு யார் போன் போடுவது என்பதுதான். 'விலங்கு' எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான். போலிஸ்காரன் வீரன் இல்லை, வில்லனும் இல்லை, வேலைக்காரன். சம்பளம், லீவு, மேலிடம், பழி என்று நம்மைப் போலவே அவனும் கணக்குப் போடுகிறான்.

இதை உலக அளவில் முழுதாகச் செய்துகாட்டிய தொடர் 'தி வயர்'. 2002 முதல் 2008 வரை எச்பிஓவில் ஐந்து பருவங்களாக வந்தது. உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் நகரத்தில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறிவாளராக இருந்து பிறகு பள்ளி ஆசிரியரானவர். ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வாங்குவதற்கே பகுதிக் கணக்கில் காத்திருக்கிறார்கள். குற்றம் குறைந்ததோ இல்லையோ, குற்ற எண்ணிக்கை குறையவேண்டும் என்று அதிகாரிகள் மேசையைத் தட்டுகிறார்கள். எங்கள் மாதாந்திர கேபிஐ மீட்டிங்கைப் போலவே இருந்தது.

தொழிற்சாலையில் ஒரு பழுதுக்குக் காரணம் தேடும்போது 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள். அவசரம் வந்தால் இரண்டாவது 'ஏன்'னிலேயே 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதி ரிப்போர்ட்டை மூடிவிடுவோம். அந்த ஆபரேட்டர் பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாத ஒரு வங்காளதேசி. சாதாரண போலிஸ் தொடர் இரண்டாவது 'ஏன்'னில் நிற்கிறது. ஆள் கிடைத்துவிட்டான், கேஸ் முடிந்தது. நல்ல தொடர் மேலே கேட்டுக்கொண்டு போகிறது.

'விலங்கு' எதுவரை போகிறது? ஸ்டேஷனில் கிச்சா என்று ஒருவன் எடுபிடி வேலை செய்கிறான். யார் கூப்பிட்டாலும் ஓடிவருவான், யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். முடிச்சை இங்கே அவிழ்க்கமாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பார்க்கப்படாத ஆள் கதைக்கு எவ்வளவு முக்கியம் என்று. ஊரெல்லாம் தேடும் போலிஸ், தினம் தனக்கு டீ கொண்டுவருகிறவனைப் பார்ப்பதில்லை. இதுதான் தொடரின் உச்சம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அங்கேயே எனக்கு ஒரு சங்கடமும் ஆரம்பிக்கிறது. விசாரணை அறையில் அடி விழுகிறது. அடி வாங்குகிறவன் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் அப்பாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமை போய், "இன்னும் ரெண்டு போடுங்கடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அவன் இல்லன்னா?"

அப்பா இளைஞராக இருந்தபோது தோட்டத்தில் ரப்பர் சீட்டு திருடுபோனது. சந்தேகத்தில் நாலு பேரைக் கூட்டிப்போனார்கள். அப்பாவும் அதில் ஒருவர். ஒரு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள். வேறு ஆள் பிடிபட்டதும் விட்டுவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னது அம்மா. அந்த ராத்திரியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

நான் எப்படி அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று யோசித்தேன். தொடர் என்னைச் சொல்லவைத்தது. மணிக்கணக்கில் பரிதியோடும், பால சரவணனின் கருப்போடும் உட்கார்ந்து டீ குடித்து, சிரித்து, அவர்கள் பயந்தபோது நானும் பயந்து, கடைசியில் அவர்களுடைய சக ஊழியனாகவே ஆகிவிட்டேன். தொடர் என்ற வடிவத்தின் பலமும் ஆபத்தும் இந்த நீளம்தான். யாரோடு அதிக நேரம் இருக்கிறோமோ அவர்களின் நியாயம் நமக்கும் நியாயமாகிவிடுகிறது. வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இதற்கு நேரெதிர். அது நம்மை முதலிலேயே லாக்கப்புக்குள், அடி வாங்குகிற பாண்டியின் பக்கத்தில் உட்காரவைக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது 'போடு' என்று யாராலும் சொல்ல முடியாது.

நமக்கு இது வெறும் ரசனை விஷயம் கிடையாது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன் தடுப்புக்காவலில் இறந்தபோது நான் ஆரம்பப்பள்ளியில் இருந்தேன். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது மட்டும் நினைவிருக்கிறது. 2013-ல் அவருடைய தாய் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் காவல்துறையைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட செய்திகள் வந்தபடிதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, தமிழ்த் தொடர் ஒன்றில் அடி விழும்போது நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஆகவே எனக்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தொடர் எவ்வளவு நேரம் கொடுக்கிறது? 'தி வயர்' தெருவோரப் பையன்களுக்கும் போலிஸுக்குச் சமமாக நேரம் கொடுத்தது. அதனால்தான் அதில் யார் அடிபட்டாலும் நமக்கு வலிக்கிறது. 'கெராக் காஸ்'ஸில் அந்த பெஞ்சே கிடையாது. 'விலங்கு' பெஞ்சைக் காட்டுகிறது, எடுபிடியைக் காட்டுகிறது, ஆனால் காமிராவைப் பரிதியின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தத் தயங்குகிறது. இத்தனைக்கும் தமிழில் நான் பார்த்த போலிஸ் தொடர்களில் அதுவே ஆகச் சிறந்தது. இரண்டாவது முறை பார்க்கும்போது போலிஸை விட்டுவிட்டு கிச்சாவை மட்டும் கவனித்துப் பாருங்கள். வேறு தொடர் மாதிரி இருக்கும்.

நம் ஊரில் யாராவது தமிழில் ஒரு போலிஸ் தொடர் எடுத்தால் துப்பாக்கிச்சூடு வேண்டாம், கார் துரத்தலும் வேண்டாம். பால்மரம் வெட்டுகிற ஒருவர் தமிழில் சொல்வதை மகன் மலாயில் மாற்றிச் சொல்ல, களைத்துப்போன ஒரு சார்ஜன் இரண்டு விரலால் தட்டுகிற காட்சி ஒன்று போதும். அதில் எது விட்டுப்போகிறது என்பதை மட்டும் காட்டினால் நான் பார்ப்பேன்.

மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஆறு வரியை அப்பா மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.