பொருளின் பின்னால் நடக்கும் கேமரா

தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது முவான்ஸா நகரம். ஏரியில் பிடிபடும் நைல் பெர்ச் மீனின் சதையை அங்குள்ள ஆலைகள் துண்டம் போட்டுச் சரக்கு விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுகின்றன. தலையும் முள்ளும்தான் ஊர்க்காரர்களுக்கு. புழு நெளியும் அந்த மிச்சத்தைக் கழிகளில் காயப்போட்டு, பொரித்து விற்கிறார்கள். ஹூபர்ட் சௌப்பர் எடுத்த ‘டார்வின்ஸ் நைட்மேர்’ (2004) இதைக் காட்டும்போது பின்னணியில் எந்தக் குரலும் விளக்கம் சொல்வதில்லை. சௌப்பர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: மீனை ஏற்றிப்போகிற விமானம், வரும்போது எதைக் கொண்டுவருகிறது? காலியாக வருகிறது என்கிறார்கள். படம் முடியும் தறுவாயில்தான் ஒரு விமானி, அங்கோலாவுக்குப் போர்த் தளவாடம் கொண்டுபோனதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்.

இந்தப் படத்தின் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. தான்சானிய அதிபர் ஜகாயா கிக்வேதே 2006இல் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆயுதம் பற்றிய பகுதிக்குச் சான்று போதாது என்பதே என் எண்ணமும். ஆனால் மீன் போன வழியை மறுக்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன் அது. அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு மீனினங்கள் மறைந்துபோக அதுவே பெருங்காரணம். ஐரோப்பியக் கடையில் அது முள்ளில்லாத வெள்ளைச் சதையாக, ஊர் பேர் தெரியாமல் அடுக்கப்பட்டிருக்கும்.

சூழல் கேட்டையும் அன்றாட நுகர்வையும் சேர்த்துப் பேசும் ஆவணப்படங்களை நான் ஒரு அளவுகோலால்தான் அளக்கிறேன். கேமரா அந்தப் பொருளின் பின்னால் எவ்வளவு தூரம் நடந்தது? வாங்குகிறவரோடு நின்றுவிட்டதா, முடிவெடுத்தவர் வரைக்கும் போனதா?

டேவிஸ் குகன்ஹைம் இயக்க, அல் கோர் பேசும் ‘அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ (2006) பருவநிலை மாற்றத்தை வீட்டுக்கூடத்துப் பேச்சாக்கியது. ஆஸ்கரும் பெற்றது. அதன் பங்கு பெரிது. ஆனால் அத்தனை பெரிய ஆபத்தை ஒன்றரை மணி நேரம் விளக்கிவிட்டு, முடிவில் எழுத்து ஓடும்போது அது தரும் அறிவுரைகளில் பல வீட்டுக்காரருக்கானவை: விளக்கை மாற்று, மரம் நடு. எண்ணெய் நிறுவனத்துக்கும் மின்வாரியத்துக்கும் உரிய கணக்கு இங்கே குடும்பத் தலைவியின் மின்கட்டண ரசீதாகச் சுருங்கிவிடுகிறது. பின்னால் வந்த பல படங்கள் இந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டன. ‘கௌஸ்பிரசி’ (2014) இறைச்சியை நிறுத்தினால் போதும் என்னுமளவுக்குப் போகிறது. பசுமைக்குடில் வாயுக்களில் 51 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்ற எண்ணை அது தூக்கிப்பிடித்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் தந்த மதிப்பீடு 14.5 சதவீதம். அந்த 14.5 மட்டுமே போதுமான கவலை. மிகையான எண்ணைச் சொல்லி அழைத்துவரப்பட்ட பார்வையாளர், அது மிகை என்று தெரிந்த நாளில் உண்மையான எண்ணையும் நம்ப மாட்டார்.

கோசிமா டன்னொரிட்சரின் ‘த லைட் பல்ப் கான்ஸ்பிரசி’ (2010) எதிர்த்திசையில் நடக்கிறது. பார்சிலோனாவில் ஒருவரின் பிரிண்டர் நின்றுபோகிறது. பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று கடைதோறும் சொல்கிறார்கள். அவர் விடவில்லை. அச்சடித்த பக்கங்களை எண்ணிக்கொண்டே வந்து, குறித்த கணக்கு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் ஒரு சில்லு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அங்கிருந்து படம் 1924க்குப் போகிறது. அன்றைய பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்தன. பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம் விதித்தன. கடைசியில் கேமரா கானாவுக்குச் சென்று, ஐரோப்பா வீசிய கணினிகள் குவிந்து கிடப்பதைக் காட்டுகிறது. நாம் எதையும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோமே, நீடிக்கக் கூடாது என்று எங்கோ ஒரு மேசையில் தீர்மானம் போட்டுத்தான் அந்தப் பொருள் நம் கைக்கு வந்தது. இதை ஆவணத்தோடு காட்டியதால் இப்படம் எனக்கு முக்கியமாகிறது.

துணிக்கு வருவோம். டாக்கா அருகே சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்தது ஆண்ட்ரூ மோர்கனின் ‘த ட்ரூ காஸ்ட்’ (2015). பருத்தி வயல், கான்பூர்த் தோல் ஆலைகள், டாக்கா என்று பரந்து செல்லும் படம். பரப்பு அதிகம், ஆழம் குறைவு. மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’ (2012) 14 நிமிடத்துக்குள் அதைவிட ஆழம் போய்விடுகிறது. மேலை நாடுகளில் கழித்துப்போட்ட உடைகள் கப்பலில் குஜராத்துக்கு வந்து, லாரியில் அரியானாவின் பானிபட் சேர்கின்றன. அங்கே பெண்கள் அவற்றைக் கத்தியால் கிழித்து, பொத்தானும் ஜிப்பும் அகற்றி, நிறம் பிரிக்கிறார்கள். அவை மறுபடி நூலாகிக் கம்பளியாகும். துணியைப் பிரித்துக்கொண்டே அவர்கள் அதை உடுத்தியவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். கிழியாத, சாயம் போகாத உடையை ஏன் எறிகிறார்கள்? அந்த ஊரில் தண்ணீர் விலை அதிகமாக இருக்கும், துவைப்பதைவிட எறிவது லாபம் போலிருக்கிறது என்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்லும் இந்த ஊகத்தில் நுகர்வைப் பற்றிய கூர்மையான விசாரணை இருக்கிறது. நிபுணர் ஒருவர்கூட இல்லாமலே இப்படம் அறிவார்ந்ததாக நிற்பது, அந்தப் பெண்களின் வாய்க்கு இயக்குநர் கொடுத்த மரியாதையால்.

சீனாவின் இரண்டு படங்கள், ஆவணப்படத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்குச் சாட்சி. வாங் ஜியுலியாங்கின் ‘பிளாஸ்டிக் சைனா’ (2016) ஷான்டோங் மாகாணத்தில் ஒரு சிறு மறுசுழற்சிப் பட்டறையில் இரண்டு குடும்பங்களோடு தங்குகிறது. பள்ளிக்குப் போக ஏங்கும் தொழிலாளியின் மகள், வெளிநாட்டுக் குப்பையில் கிடைக்கும் படங்களிலிருந்து உலகத்தைத் தெரிந்துகொள்கிறாள். 2017இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்யப்போவதாக அறிவித்து, 2018 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியது. குப்பை மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் வழி மாறியது. சாய் ஜிங் தன் சொந்தப் பணத்தில் எடுத்த ‘அண்டர் த டோம்’ 2015 பிப்ரவரி கடைசியில் இணையத்தில் வந்தது. காற்று ஏன் நஞ்சானது என்று கேட்டு, நிலக்கரி, எஃகு, எண்ணெய்த் தொழில்களின் பொறுப்பாளர்களிடமே போய் நிற்கிறார் அவர். சில நாட்களுக்குள் 10 கோடிக்கும் மேல் பார்வைகள். ஒரு வாரத்திலேயே படம் சீன இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

எல்லாப் படமும் குற்றம் சாட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நிக்கோலஸ் கெய்ர்ஹால்டரின் ‘அவர் டெய்லி பிரெட்’ (2005) ஒரு சொல் விளக்கம் இல்லாமல் உணவுத் தொழிற்சாலைகளைக் காட்டுகிறது. ஆக்னஸ் வர்தா 70 வயது கடந்து கைக்கேமராவோடு எடுத்த ‘த க்ளீனர்ஸ் அண்ட் ஐ’ (2000), அளவு சரியில்லை என்று டன் கணக்கில் கொட்டப்பட்ட உருளைக்கிழங்கைப் பொறுக்க வருகிறவர்களோடு பேசுகிறது. அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவர் வயலில் நின்று, அறுவடைக்குப் பின் பொறுக்குவதற்குச் சட்டத்தில் உள்ள உரிமையைப் படித்துக் காட்டுகிறார். இந்த வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான படம் இதுதான்.

நம் பக்கத்தில் இந்தக் கதைகள் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குகின்றன. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் கோக கோலா ஆலையால் கிணறு கெட்ட மக்களின் போராட்டத்தை சரத்சந்திரனும் பாபுராஜும் படமாக்கினார்கள். ஆலை 2004இல் நின்றது. ஆர்.ஆர். சீனிவாசனின் ‘என் பெயர் பாலாறு’ தோல் ஆலைகளின் கழிவும் மணல் கொள்ளையும் சேர்ந்து ஓர் ஆற்றைத் தின்றதைப் பதிவு செய்கிறது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது இந்தத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான். அதற்குப் பின்னும், 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆம்பூரில் பதப்பட்ட தோல் எந்த நாட்டுக் கடையில் செருப்பாகத் தொங்குகிறது, அதன் விலையில் ஆற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்டு, ஆற்றங்கரையிலிருந்து கடைவரை நடக்கும் படத்தை நம் இளம் இயக்குநர்கள் எடுக்க வேண்டும். கல்லூரிகளும் திரைப்பட இயக்கங்களும் அதுவரை ‘அன்ராவல்’ படத்தைத் திரையிடலாம். ஒரு வகுப்பு நேரத்துக்குள் படத்தையும் பார்த்து, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசவும் முடியும்.