50,000 என்ற எண்மேல் எனக்குள்ள காதல்

எஸ்கியூஎல் சர்வர் பேக்கப்பை லோக்கல் டிஸ்க்கில் இறக்காமல் நேராக அஷூர் ஸ்டோரேஜுக்கே அனுப்பலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அது பாதியில் நின்றுபோகும்போது காரணத்தைத் துருவிப் பிடிப்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். டிபிஏ வேலையில் இப்படி மனசு நிறைகிற இடம் வேறில்லை, சத்தியமாக!

சின்ன டேட்டாபேஸ்களெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரும். பெரியது மட்டும் நெடுநேரம் ஓடிவிட்டு, 1117 என்ற எரரோடு விழும். ஐ/ஓ டிவைஸில் கோளாறு என்கிறது செய்தி. படித்தால் யாருக்கும் டிஸ்க்மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் டிஸ்க்கில் குறையே இருக்காது. விஷயம் வெறும் பெருக்கல் கணக்கு! பேக்கப் பிளாக் பிளாக்காகத்தான் மேலே ஏறுகிறது. ஒரு பேக்கப் ஃபைலில் 50,000 பிளாக்தான் அடங்கும். பிளாக் ஒன்று 1 எம்பி என்றால் 48 ஜிபி சொச்சத்திலேயே இடம் தீர்ந்துவிடும்.

மேக்ஸ்டிரான்ஸ்ஃபர்சைஸை 4194304 ஆக்குங்கள், அதாவது 4 எம்பி. அதே 50,000 பிளாக்கில் 195 ஜிபி போகும். ஒரு வரி மாற்றம், நாலு மடங்கு இடம்! கம்ப்ரெஷனையும் சேர்த்துவிடுங்கள். டிடிஈ போட்ட டேட்டாபேஸையும் 2016 பதிப்பிலிருந்து சுருக்க முடிகிறது; அதற்கும் 64 கேபிக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபர் சைஸ்தான் தேவை. ஒரே செட்டிங்கில் இரண்டு பலன்.

அதுவும் போதவில்லையா? இனிமேல்தான் என் உயிரான ஸ்ட்ரைப்பிங் வருகிறது. ஒரே பேக்கப் கட்டளையில் 64 யூஆர்எல் வரை கொடுக்கலாம். வயலில் வரிசை கட்டி நாற்று நடுகிறவர்களைப் போல எல்லா ஃபைலும் சேர்ந்தே முன்னேறும். 12 டெராபைட் வரை தாராளமாகப் போகலாம், வேகமும் கூடும். ஸ்டாட்ஸ் 5 என்று போட்டுவிட்டு, சதவீதம் ஏற ஏற நான் நாற்காலியைவிட்டு எழுவதே இல்லை. அவ்வளவு அழகு! சாஸ் டோக்கன் வைத்து பிளாக் பிளாபில் எழுதினால்தான் இந்தப் பாக்கியம். ஸ்டோரேஜ் கீ வைத்து எழுதுகிற பழைய பேஜ் பிளாபில் ஸ்ட்ரைப்பிங் கிடையாது.

ரீஸ்டோர் செய்யும்போது எல்லா ஃபைலும் வேண்டும். ஒன்று தொலைந்தாலும் மொத்த பேக்கப்பும் போச்சு. அதனால் தேதியும் வரிசை எண்ணும் வைத்தே பெயரிடுங்கள். செக்சம் போட்டு எடுங்கள், முடிந்ததும் ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி ஓட்டுங்கள். அடுத்த வேலையாக வேறொரு சர்வரில் முழுசாக ரீஸ்டோர் செய்து, டிபிசிசி செக்டிபியும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.