கோப்பு எங்கே இருக்கிறது? கான்கொரரை மறுபடி எடைபோடுதல்

கணினியில் ஒரு கோப்பைத் தேடி எடுப்பதும் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பதும் வேறு வேறு வேலைகளா, ஒரே வேலையா? ஒரே வேலைதான் என்று பதில் சொல்லி, அந்தப் பதிலை மென்பொருளாகவே கட்டிக் காட்டியது கே.டி.இ. என்னும் திறந்த மூலத் திட்டம். 1998 ஜூலையில் வந்த அதன் முதல் பதிப்பிலேயே கே.எஃப்.எம். என்ற கோப்பு மேலாளர் வலைப்பக்கங்களையும் திறந்து காட்டியது. 2000 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் இடத்தில் கான்கொரர் வந்தது. வன்தட்டில் இருக்கும் கோப்புறைக்கும் தொலைவில் இருக்கும் வலைத்தளத்துக்கும் ஒரே சாளரம், ஒரே முகவரிப் பட்டை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு நீடித்தது. 2008 ஜனவரியில் நான்காம் பதிப்பு வந்தபோது கோப்பு வேலை டால்பின் என்ற தனி மென்பொருளுக்குப் போனது, கான்கொரர் ஓரத்துக்கு நகர்ந்தது. இரண்டு வேலையை ஒன்றாக்கியது பிழை, காலம் அதைத் திருத்திவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. பாதுகாப்பில் கான்கொரர் சறுக்கியது உண்மை. ஆனால் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. பின்னால் வந்தவை பாதுகாப்பைச் சரிசெய்துகொண்டன, இடத்தை மறைத்துவிட்டன. மலேசியாவின் பிரிஞ்சாங் போன்ற மலையூரில் அந்த மறைப்பின் விலை சமவெளியில் இருப்பதைவிடக் கூடுதல்.

கான்கொரரின் பலம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கான்கொரர் என்ற வெளிச்சாளரம் தன்னளவில் மிகக் குறைவாகவே செய்தது. வலைப்பக்கத்தை வரைந்து காட்ட கே.எச்.டி.எம்.எல். என்ற பொறி இருந்தது. பி.டி.எஃப். ஆவணமோ படமோ உரைக்கோப்போ வந்தால் அதற்குரிய கூறு அதே சாளரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவற்றுக்கெல்லாம் அடியில் கே.ஐ.ஓ. என்ற அடுக்கு. முகவரியின் தொடக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து, கோப்பை எங்கிருந்து, எந்த வழியில் எடுப்பது என்று அதுதான் முடிவு செய்யும். ஃபைல் என்று தொடங்கினால் இந்தக் கணினியின் வன்தட்டு, எஃப்.டி.பி. என்று தொடங்கினால் தொலைவில் உள்ள வழங்கி, எஸ்.எம்.பி. என்றால் அலுவலகத்தில் பகிர்ந்து வைத்த விண்டோஸ் கோப்புறை. சாளரத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வழங்கியையும் மறுபக்கம் தன் கோப்புறையையும் வைத்துக்கொண்டு, இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டால் நகல் போய்ச் சேரும். தோட்ட அலுவலகத்தில் ஒரு கிராணி கொழுந்துக் கணக்கை மேலலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் தனியாக ஒரு எஃப்.டி.பி. மென்பொருள் பழக வேண்டியதில்லை, கோப்புறையைக் கையாளத் தெரிந்தால் போதும். அதே வேளையில், கோப்பு இப்போது யாருடைய கணினியில் இருக்கிறது என்பதை முகவரிப் பட்டை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். செயல் ஒன்றாகியது, இடம் வெளிப்படையாகவே இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கான்கொரரின் சாதனை. இதைக் கவனிக்காமல் அதன் தோல்வியைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

தமிழருக்கு அந்த ஏற்பாட்டில் இன்னொரு பயனும் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ்க் கணிமை குறியாக்கங்களின் காடாக இருந்தது. தமிழ்நாட்டில் 1999 பிப்ரவரியில் நடந்த மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை முன்வைத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் போன்றோர் பங்கெடுத்து உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். நாளேடுகள் தங்கள் தங்கள் எழுத்துருவையே நம்பியிருந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை டிஸ்கியில் வெளியிட்டது. அந்த நூல்கள் இணையத்திலும் இருந்தன, இணையம் எப்போதும் கிடைக்காதவர்கள் இறக்கி வைத்துக்கொண்ட வன்தட்டுகளிலும் இருந்தன. கே.டி.இ.க்கு அடித்தளமான க்யூடி நூலகத்தில், ஹான்ஸ் பீட்டர் பீக்கர் எழுதிய டிஸ்கி மாற்றி சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே அது சேர்க்கப்பட்ட பதிப்புகளில் வலையில் படிக்கும் பக்கத்துக்கும் இறக்கி வைத்த பக்கத்துக்கும் ஒரே குறியாக்கத் தேர்வுப் பட்டி உதவியது. கே.டி.இ.யின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியபோதும் இதே பயன் கிடைத்தது. சம்பளமில்லாமல் இரவு நேரத்தில் உழைக்கும் சிறு குழுவுக்கு, கோப்பு மேலாளருக்கும் உலாவிக்கும் சேர்த்து ஒரே மென்பொருளைத் தமிழாக்கினால் போதும் என்பது சாதாரண உதவியன்று.

இனிக் குறை. ஒரு கோப்புறையும் ஒரு வலைத்தளமும் கையாளும் விதத்தில் ஒத்திருக்கலாம், நம்பிக்கையில் ஒத்திருக்க முடியாது. வன்தட்டில் இருப்பது பெரும்பாலும் நாமே வைத்தது. வலைப்பக்கம் என்பது முன்பின் தெரியாத ஒருவர் எழுதி அனுப்பும் நிரல். கான்கொரரில் வலைப்பக்கத்தை வரையும் பொறி, சாளரம் இயங்கும் அதே செயலாக்கத்துக்குள் இயங்கியது. ஒரு மோசமான பக்கம் அதைக் கவிழ்த்தால் பக்கத்துத் தாவலில் திறந்திருந்த கோப்புறையும், பாதியில் நின்ற வேலையும் சேர்ந்து போகும். அதைவிடக் கவலைக்குரியது, முகவரியின் முதற்சொல்லைப் பார்த்து இயங்கும் அந்த அழகான முறை பகைவனுக்கும் கதவாகியது. டெல்நெட் போன்ற சொற்களில் தொடங்கும் முகவரிகளை வலைப்பக்கத்தில் தந்திரமாக எழுதி, பயனரின் கோப்பை உருவாக்கவோ அழித்து எழுதவோ முடியும் என்று கே.டி.இ.யே 2004 மே மாதத்தில் எச்சரித்துத் திருத்தம் வெளியிட்டது. இது எவரோ ஒருவர் கவனக்குறைவாக எழுதிய நிரலின் கதை மட்டுமில்லை. எல்லா முகவரிகளையும் ஒரே வாசலில் வரவேற்கும் வடிவமைப்பில் இந்த ஆபத்து உள்ளேயே இருக்கிறது. உலாவிகள் இந்தப் பாடத்தைக் கற்று முடிக்கவும் நெடுங்காலம் பிடித்தது. வன்தட்டிலிருந்து திறந்த ஒரு வலைக்கோப்பு அதே கோப்புறையில் உள்ள மற்றக் கோப்புகளைப் படிக்கலாம் என்ற நிலையை ஃபயர்ஃபாக்ஸ் 2019இல்தான் மூடியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதையேதானே மைக்ரோசாஃப்ட் செய்தது, உலகம் அதைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லையா? 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, விண்டோஸின் கோப்புச் சாளரத்தோடு பின்னப்பட்டது. 1998 மே மாதத்தில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தபோது, உலாவி இயங்குதளத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று அந்நிறுவனம் வாதிட்டது. 2006இல் ஏழாம் பதிப்பு வந்தபோது இரண்டையும் அதுவே பிரித்தது. வெளித்தோற்றத்தில் மைக்ரோசாஃப்ட் செய்ததும் கே.டி.இ. செய்ததும் ஒன்றுதான். ஆனால் அந்த வழக்கின் மையம் சந்தை ஆதிக்கம், போட்டி உலாவிகளை நசுக்க இணைப்பைக் கருவியாக்கியது. கான்கொரரைப் பிடிக்காதவர் அதைத் தொடாமல் மோசில்லாவைப் பயன்படுத்தலாம், கே.எச்.டி.எம்.எல்.ஐ விட்டு வேறு பொறியைச் சாளரத்துக்குள் பொருத்தலாம், மூல நிரலையே எடுத்துப் போகலாம். கடைசியாகச் சொன்னது வெறும் ஏட்டு உரிமையாக நின்றுவிடவில்லை. ஆப்பிள் 2003 ஜனவரியில் அறிவித்த சஃபாரி உலாவி கே.எச்.டி.எம்.எல்.லின் நிரலை எடுத்துத்தான் கட்டப்பட்டது. அதிலிருந்து வெப்கிட், 2008இல் வெப்கிட்டைக் கொண்டு குரோம், 2013இல் வெப்கிட்டிலிருந்து கிளைத்த பிளிங்க். இன்று குரோம் தன்னை வலைத்தளங்களுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் கே.எச்.டி.எம்.எல். என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஒருங்கிணைப்பு தோற்றது என்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய கூறாகக் கட்டப்பட்டிருந்ததும், எடுத்துச் செல்ல உரிமம் இடம் கொடுத்ததும்தான் அந்தப் பொறியை வாழவைத்தன. தாய்வீட்டில்தான் அது மறைந்தது: 2024இல் வந்த கே.டி.இ.யின் ஆறாம் தலைமுறை நூலகத் தொகுப்பில் கே.எச்.டி.எம்.எல்.லுக்கு இடமில்லை, கான்கொரரே குரோமியப் பொறியைக் கடன்வாங்கி ஓடுகிறது.

பிரித்ததால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. குரோம் ஒவ்வொரு தாவலையும் தனிச் செயலாக்கத்தில் அடைத்தது, பக்கங்கள் வன்தட்டைத் தொட முடியாதபடி வேலி போட்டது. டால்பின் கோப்பு வேலையை மட்டும் செய்ததால் வேகமாகவும் தெளிவாகவும் வளர்ந்தது, அடியில் அதே கே.ஐ.ஓ.வை வைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. கோப்பு மேலாளர் உலாவிக்குள் மறுபடி நுழைந்துவிட்டது, இம்முறை எதிர்த்திசையில். கூகுள் டிரைவ் என்பது உலாவித் தாவலுக்குள் இருக்கும் ஒரு கோப்பு மேலாளர். மலேசியக் கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020 முதல் கூகுள், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வழங்குகிறது. பள்ளிக் கோப்புகள் அந்தச் சேவைகளுக்குள் சேர்வது இயல்பாகிவிட்டது. விண்டோஸில் ஒன்டிரைவ் 2017 முதல், கணினியில் இல்லாத கோப்பையும் இருப்பதுபோல் பட்டியலில் காட்டுகிறது. ஓரத்தில் சின்னஞ்சிறு மேகப்படம் ஒன்றுதான் வேறுபாடு. கைப்பேசியில் இடத்தை விடுவிக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் படங்கள் கூகுள் ஃபோட்டோஸில் முன்போலவே தெரியும், மூலப் படம் கையில் இருக்காது. கான்கொரர் இரண்டு உலகங்களுக்கும் ஒரே சாளரம் வைத்தது, ஒவ்வொன்றின் முகவரியையும் எழுதி வைத்தது. இன்றைய சேவைகள் இரண்டு உலகங்களும் ஒன்றே என்ற தோற்றத்தைத் தருகின்றன, முகவரியை எடுத்துவிட்டன.

இந்த வேறுபாடு கோலாலம்பூர் அலுவலகத்தில் பெரிதாகத் தெரியாது. அங்கே லைன் அறுந்தாலும் பெரும்பாலும் சில நிமிடத்தில் வந்துவிடும். பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையை நினைத்துப் பார்க்கலாம். இரண்டாயிரம் மீட்டரைத் தொடும் மலை, மடிப்பு மடிப்பாகச் சரிவுகள். கைப்பேசி அலை நேர்கோட்டில் போகவே விரும்பும், குறுக்கே மலை நின்றால் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும் மண் சரிந்து சாலை மூடுவதும் மலைநாட்டில் புதிதில்லை. இத்தகைய இடத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பட்டியலில் பார்த்த தேர்வுத்தாள், அச்சடிக்கும் காலையில் திறக்க மறுத்தால், அவர் செய்த பிழை என்ன? கோப்பு இருக்கிறது என்றுதான் திரை சொன்னது. எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்றின் நகல், மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய கடிதம் என்று எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். கோப்பின் இடம் தெரிந்திருந்தால் முந்தின நாளே நகலெடுத்து வைத்திருப்பார். தெரியாதவரைக் கவனக்குறைவானவர் என்று குறைசொல்வது நியாயமில்லை.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பனியும் ஈரமும் நிறைந்த மலையில் வன்தட்டும் மடிக்கணினியும் கெடும். தோட்டக் குடும்பத்தில் ஒரே கைப்பேசி பல கைகளில் புழங்கும், தொலையும், உடையும். தொலைவில் ஒரு நகல் இருப்பதால்தான் எத்தனையோ குடும்பங்களின் படங்களும் சான்றிதழ்களும் தப்பித்திருக்கும். எஃப்.டி.பி. வழங்கி நடத்தவோ நாள்தோறும் நகலெடுக்கவோ தோட்டப்பள்ளிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இது முற்றிலும் உண்மை. ஆனால் இந்த வாதம் தொலைவில் நகல் வேண்டும் என்பதை நிறுவுகிறதே தவிர, நகல் எங்கே, மூலம் எங்கே என்பதை மறைக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. சாதாரண மனிதருக்கு முகவரி வேண்டாம், எளிமைதான் வேண்டும் என்பது அடுத்த வாதம். நீளமான முகவரிகள் பலரை மிரட்டின என்பதும் கான்கொரரின் அமைப்புப் பலகைகள் அளவுக்கு மீறி நிரம்பியிருந்தன என்பதும் உண்மை. கோப்பு மேலாளருக்குரிய தெரிவுகளும் உலாவிக்குரிய தெரிவுகளும் ஒரே பட்டியில் மோதிக்கொண்டன, புதிதாக வந்தவர் திணறினார். அதற்கு மருந்து, முகவரியைச் சுருக்கிச் சொல்வது: இந்தக் கருவியில் உள்ளது, பள்ளிக் கணினியில் உள்ளது, வெளியே உள்ளது, லைன் இல்லாவிட்டால் திறக்காது. நான்கு வகையை நல்ல தமிழில் எழுதிக் காட்டினால் தோட்டத்தில் யாருக்குப் புரியாது? எளிமையின் பெயரால் எடுத்துவிட்டது சிக்கலை மட்டுமில்லை, முடிவெடுக்கத் தேவையான தகவலையும்தான்.

எனவே கான்கொரரை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அன்னியர் எழுதிய நிரலும் வீட்டுக் கோப்பும் ஒரே செயலாக்கத்தில் இருக்கக் கூடாது, அந்த விவாதம் முடிந்துவிட்டது. திரும்ப வேண்டியது இடத்தைச் சொல்லும் பழக்கம். அதற்கான கருவி இப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது, ஆகவே அரசுப் பணிகளில் திறந்த மூலம் என்பது இங்கே புதுப்பேச்சும் இல்லை. பிரிஞ்சாங் வட்டாரத்தில் ஒரு தோட்டப்பள்ளி பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவினால், டால்பினின் அமைப்பில் இருப்பிடப் பட்டையை முழு முகவரியாகக் காட்டும் தெரிவைச் சொடுக்கிவிட வேண்டும். பாதையைத் துண்டு துண்டாகக் காட்டும் இயல்புநிலையில் மாணவருக்கு முழு முகவரி தெரியாமலே போகும். பள்ளியின் ஒரு கணினியை வழங்கியாக வைத்து மற்றவை அதை எஸ்.எஃப்.டி.பி. முகவரியில் திறந்தால், வெளி லைன் இல்லாத நாளிலும் பள்ளிக்குள் கோப்பு கைமாறும். லைன் உள்ள நாட்களில் டெலிமாவுக்கு ஒரு நகல் போகட்டும். ஒன்டிரைவ் வைத்திருப்பவர், தேர்வுக்கு முந்தின வாரம் தேவையான கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு என்ற பொருள்படும் தெரிவைத் தேர்ந்துவிட்டால், இணைப்பைத் துண்டித்து ஒருமுறை திறந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.