பென்சிலால் நிரப்பும் தாள்

கிளமெண்டியில் மகளின் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிடக்கிறது. அவளுடைய பிரசவத் திட்டம். “பேனா வேண்டாம்மா, பென்சிலால எழுதுங்க” என்று சொல்லிக் கொடுத்தாராம் பேறுகாலத் தாதி. அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வலிக்கு என்ன வேண்டும்? முகமூடி வழியே இழுக்கும் வாயு, நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பெத்திடின் ஊசி பிள்ளையையும் கொஞ்சம் மந்தமாக்கலாம். முதுகில் எபிடியூரல் போட்டால் கால் கனத்து நடமாட்டம் குறையும். இதையெல்லாம் பயமுறுத்தாமல் சொல்வது தனிக் கைத்திறன். எதையும் திணிக்காமல், “வலி வந்தா நடக்கத் தோணுமா, சுருண்டு படுக்கத் தோணுமா?” என்று கேட்டிருக்கிறார். பாதித் தாள் அங்கேயே நிரம்பிவிட்டது.

தொப்புள்கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுப்பது, பிள்ளையை உடனே நெஞ்சில் போடுவது எல்லாம் சுலபமாக முடிந்தன. கத்தரி யார் கையில் என்ற கட்டத்தைத்தான் மருமகன் இரண்டு முறை அழித்திருக்கிறார்.

நான் பிறந்தது 1966இல், தேக்காவுக்கு அருகிலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஓராண்டில் அங்கே 39,000க்கும் மேல் பிரசவங்கள். நாளுக்கு நூறைத் தாண்டும்! அந்த மருத்துவச்சிகளின் கைகளை நினைத்தால் இன்னும் மலைப்புத்தான்.

மகளின் தாளில் ‘அறுவை தேவைப்பட்டால்’ என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் சேர்ந்து எழுதலாம் என்றிருக்கிறார் தாதி.